உலர்ந்த வேட்டியோடு திரும்பியவன்

என் வாயாடி அக்காவுக்கு,

நாளைக்கு உனக்கு வருஷப் படையல். களியும் கருவாட்டுக் குழம்பும் செய்யப் போகிறேன். உனக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருக்கும். நல்ல சேதி மட்டும் இருக்காது. என்னிடம் இருப்பது கோபம்தான், அது ஒரு வருஷமாகக் கொஞ்சமும் ஆறவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் தெலுங்கு. தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது நீ, புத்தலப்பட்டு பக்கம் நம் ஊர் வீட்டில், அடுப்புக் கரியால் சுவரில் எழுதி. இதில் எழுத்துப் பிழை இருந்தால் அது உன்னைச் சேரும்.

இந்தக் கடிதத்தை நம் தெருவும் கேட்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே வாசலில் நின்று தெலுங்கில் சொல்லுவேன். இவர்களை நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கவிட எனக்கு மனசில்லை.

உனக்குத் தெரிந்த கதையையே முதலில் சொல்கிறேன், கேட்கிறவர்களுக்காக. ஊரில் நமக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. நம்மைப் பெற்ற நைனா அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டினார். திருப்பதியில் திரும்பிய பக்கமெல்லாம் லாட்ஜும் அபார்ட்மெண்டும் எழும்பிய நாட்களில் சாரம் கட்ட ஆள் கிடைக்காமல் தவித்தார்கள். சவுக்குக் கொம்பில் கயிறு சுற்றி முடிச்சுப் போடுவதில் மாமா கைகாரர். உன்னைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவர், அம்மா இல்லாத என்னையும் கூடவே அழைத்துவந்தார். உங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. நான்தான் பிள்ளை.

நீ லாட்ஜில் அறை கூட்டினாய், பெட்ஷீட் துவைத்தாய். ஊர் ஊராக வந்தவர்கள் விட்டுப்போன அழுக்கைப் பகல் முழுக்க வாரிவிட்டு நம் தெருவுக்கு வந்தால் இங்கேயும் அழுக்கு. மளிகைக் கடைக்காரர் குப்பையைத் தள்ளுவது தெருவோரச் சாக்கடைக் கால்வாயில். மாடிவீட்டம்மாவின் கக்கூஸ் குழாய் திறப்பது கால்வாயில். நீதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாய். “ஏண்ணா, இத உன் வூட்டு நடுக்கூடத்துல கொட்டுவியா?” என்று நீ கடைக்காரரைக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் சிரித்தார். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பைப் பிடுங்கி அவர் வாயிலேயே திணிக்கத் தோன்றுகிறது.

வார்டு தலைவரைப் பற்றி வருகிறேன். அவன் பேரை இதில் எழுத மாட்டேன். ஃப்ளெக்ஸில் அவன் பேர் தேவைக்கு மேலேயே இருக்கிறது. முகமும் இருக்கிறது. நாம் இந்த ஊருக்கு வந்த புதிதில் சுவரில் சுண்ணாம்பும் காவியும் வைத்து எழுதினார்கள். ஒரு மழையில் கரைந்துவிடும். ஃப்ளெக்ஸ் மெஷின் வந்த பிறகு ஒவ்வொருத்தன் முகமும் லாரி அளவுக்கு ஆகிவிட்டது, மழைக்கும் கரைவதில்லை.

போன ஐப்பசிக் கடைசியில் அவனுக்குப் பிறந்தநாள். நம் தெரு முனையில் ஆர்ச் கட்டினார்கள். சிமெண்ட் ரோட்டில் குழி தோண்ட முடியாது. அதனால் இங்கே எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. கால்வாயை மூடியிருக்கும் கடப்பாக்கல்லைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, கொம்பைக் கால்வாய்க்குள் இறக்கி, சுற்றிலும் செங்கல்லை அடைத்து நிறுத்துவார்கள். விழா முடிந்தால் கொம்பு போய்விடும். கல் திரும்பவும் மூடப்பட்டதா என்று யார் பார்க்கிறார்கள்?

அன்றைக்கும் மூடவில்லை. பின்னால் இருந்த காம்பவுண்டுச் சுவரில் அவன் முகம் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது, அதன் காலடியில் பள்ளம். நீ கடைக்காரரிடம் சொன்னாய், மாடிவீட்டம்மாவிடம் சொன்னாய், வார்டு ஆபீசில் போய்ச் சொன்னாய். யாரும் அசையவில்லை. கடைக்காரரின் படிக்கட்டு கால்வாய் மேல் இருக்கிறது, மாடிவீட்டுக் குழாய் கால்வாய்க்குள் இருக்கிறது. அவனைக் கேள்வி கேட்டால் அவன் இவர்களைக் கேட்பான். இப்படித்தான் ஒரு தெரு முழுக்க வாயை மூடிக்கொள்கிறது.

கடைசியில் நீயே ஒரு வேப்பங்கொம்பை வெட்டிவந்து, உன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து நுனியில் கட்டி, பள்ளத்தில் நட்டாய். “இதப் பாத்தாவது வெலகிப் போவாங்க” என்றாய்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. குப்பை அடைத்த கால்வாய் எத்தனை தண்ணீரை வாங்கும்? சாயங்காலம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். நீ லாட்ஜிலிருந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாய். கடைக்காரர் பார்த்தார். உனக்குப் பள்ளம் இருப்பது தெரியும். தெருவிலேயே அதிகம் தெரிந்தவள் நீதான். கொம்பு நிற்கிற இடத்தை விட்டு விலகி நடந்தால் போதும் என்று நம்பி வந்திருப்பாய். கொம்பு கண்ணில் படவில்லை, அதனால் பள்ளம் இன்னும் தள்ளி இருக்கிறது என்று நினைத்திருப்பாய்.

கொம்பு அங்கே இல்லை, அக்கா. மத்தியானமே யாரோ பிடுங்கிவிட்டார்கள்.

அடுத்த தெருவின் கல்வெர்ட்டுப் பாலத்தடியில் உன்னை எடுத்தோம். அதற்கு மேல் உனக்குச் சொல்ல மாட்டேன்.

ஆபீசில் மழை மேல் பழி போட்டார்கள். அவன் லாரி மேல் பழி போட்டான். லாரி ஏறிக் கல் உடைந்ததாம். கல் உடையாமல் சுவரோரம் சாய்ந்திருந்ததைத் தெருவே பார்த்தது. கேட்டால் கடைக்காரர், “மழைல ஒன்னும் தெரியலம்மா” என்றார். மாடிவீட்டம்மா கதவைத் திறக்கவே இல்லை. மாமா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு வைத்தால் தொடுவதில்லை, தெரு முனைப் பக்கம் போவதில்லை, சுற்றிக்கொண்டு பின் சந்து வழியாகப் போனார். துக்கம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவன் உனக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தான். அதே இடத்தில். அதில் உன் படம் ரேஷன் கார்டிலிருந்து எடுத்தது, உள்ளங்கை அளவு. அவன் படம் கறுப்புக் கண்ணாடியோடு, கைகூப்பிக்கொண்டு, ஆள் உயரம். அந்த ஃப்ளெக்ஸை நிறுத்துவதற்குப் பக்கத்துக் கல்லையும் தூக்கினார்கள். உன்னை விழுங்கிய பள்ளத்துக்கு உன் பேரைச் சொல்லியே ஜோடி சேர்த்தார்கள். நான் தெரு மண்ணை வாரி அந்த முகத்தின் மேல் தூற்றிச் சபித்தேன். அவன் ஆட்கள் சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டுப் போனார்கள்.

காரியத்துக்கு வந்த நைனா நான் மனு மேல் மனுவாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். “ஊர்ல மாடு காணாப் போனாக்கூட காணிப்பாக்கத்துக்கு வான்னு கூப்புடுவோம். ஆளே போயிருக்கு. நீ இன்னாம்மா காயிதம் எழுதிக்கினு கீற?”

சித்தூர் ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் சத்தியத்துக்குப் பேர் போனவர். குளத்தில் முங்கி, ஈரத் துணியோடு சன்னிதியில் நின்று சொல்ல வேண்டும். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட அந்தக் குளத்துப் படியில் கால் வைக்க யோசிப்பான்.

அவன் உன் படத்துக்கு மாலை போட வந்தான், ஃபோட்டோ எடுக்க ஆளோடு. தெருவே கூடியிருந்தது. நான் முன்னால் போய் நின்றேன். “அண்ணகாரு, மாலை இருக்கட்டும். இந்தக் கல்லு இப்டி கெடந்ததுக்கும் எங்கக்கா நட்ட கொம்பு காணாமப் போனதுக்கும் எனக்கு சம்பந்தமில்லன்னு காணிப்பாக்கத்துல வந்து சொல்றீங்களா?”

கூட்டத்தைப் பார்த்தான். எலெக்‌ஷன் வர ஒரு வருஷம்தான், மறுக்க முடியுமா? “ராம்மா, ப்ரமாணம் சேஸ்தானு. நாக்கேம் பயம்?” என்றான். வா, சத்தியம் செய்கிறேன், எனக்கென்ன பயம் என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் மாமா வாயைத் திறந்தார். “வாணாம் மல்லி. வுட்டுடு. போனவ போய்ட்டா.” பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஆள் பேசுகிற பேச்சா இது என்று கத்தினேன். கோழை என்றேன்.

குறித்த நாளில் நானும் நைனாவும் மாமாவும் பஸ்ஸில் போனோம். பாகாலா தாண்டியதிலிருந்து மாமா ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தார். அவன் இரண்டு காரில் வந்தான். பின்னால் வந்த காரில் அவனுக்குச் சாட்சியாகக் கடைக்காரரும் மாடிவீட்டம்மாவும். கையில் வீடியோ கேமராவோடு ஒருத்தன். அவன் உடுத்தியிருந்தது புது வேட்டி, மடிப்புக்கூடக் கலையவில்லை. குளத்துப் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தான். பக்கத்தில் ஒருத்தன் துண்டோடு தயாராக நின்றான்.

அவன் இறங்குவதற்குள் மாமா இறங்கிவிட்டார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. முங்கி எழுந்து, யாரையும் பார்க்காமல், சொட்டச் சொட்டச் சன்னிதிக்குப் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

“கல்லத் தூக்கனது நானு,” என்றார். “ஆர்ச் கட்டக் கூப்புட்டாங்க, போனேன். பிரிச்சப்புறம் கல்ல மூடட்டுமான்னு கேட்டேன். வாணாம், அடுத்த வாரம் பெரிய தலைவர் வராரு, மறுபடியும் கட்டணும், அப்டியே கெடக்கட்டும்னாரு. கௌரி கொம்பு நட்டா. அந்தக் கொம்பு பேனர்ல அவரு மொகத்த மறைக்குதாம். பிடுங்கிப் போடுன்னாரு. பிடுங்கினேன் சாமி. சாயங்காலம் அவரு போனப்புறம் மறுபடியும் நட்டுடலாம்னு இருந்தேன். பிரியாணி குடுத்தாங்க, துன்னுக்கினு உக்காந்துட்டேன். மழ வந்துட்ச்சி.”

அந்தப் பெரிய தலைவர் மழையால் வரவே இல்லை. ஆர்ச்சும் கட்டவில்லை. இதையும் நீ தெரிந்துகொள்.

அந்த நிமிஷம் மாமாவை அங்கேயே கொன்றிருப்பேன். நைனாதான் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொம்பு இல்லாததைப் பார்த்தபோது நீ யாரை நினைத்தாய், அக்கா? உனக்குத் தெரிந்திருக்குமா?

“அடுத்தது யாருங்க?” என்று பூசாரி கேட்டார். பின்னால் அவனைக் காணோம், வெளியே வந்து பார்த்தேன். அவன் குளத்துப் படியிலேயே நின்றிருந்தான், காதில் செல்லோடு. அவசரமாக ஒரு போன் வந்துவிட்டதாம். தண்ணீரில் பெருவிரலைக்கூட நனைக்கவில்லை. மடிப்புக் கலையாத அந்த வேட்டியோடு போய்க் காரில் ஏறினான். கடைக்காரரும் மாடிவீட்டம்மாவும் என்னைப் பார்க்க முடியாமல் கோபுரத்தைப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அதுதான் தீர்ப்பு. ஸ்டேஷனில் அது தீர்ப்பு இல்லையாம். “சாமி முன்னாடி சொன்னதுக்கெல்லாம் நாங்க எழுத முடியாதும்மா. எழுதினா கல்லத் தூக்கின உங்க மாமாதான் உள்ள போவாரு. பரவால்லியா?” என்று கேட்டார்கள். பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மாமாவும் “எழுதுங்க சார்” என்றார். ஆனால் அவர் உள்ளே போனால் இவன் வெளியே மாலை போட்டுக்கொண்டு திரிவான். அந்தச் சுகத்தை அவனுக்குக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. மாமாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு பல நாள் வழி தெரியாமல்தான் இருந்தேன். ஒருநாள் ரீசார்ஜ் கடையில் வேலை முடிந்து வரும்போது பார்த்தேன். உன் அஞ்சலி ஃப்ளெக்ஸின் ஒரு பக்கக் கயிறு அறுந்து, அவன் முகம் பள்ளத்தின் மேல் சரிந்து தொங்கியது. எதிரே வந்த பூக்காரி அதில் இடித்துக்கொள்ளக் கூடாது என்று விலகி நடந்தாள். விலகியதால் பள்ளத்திலிருந்தும் தப்பினாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அரிவாள்மணையைக் கொண்டுபோய் அந்த ஃப்ளெக்ஸை அறுத்தேன். உன் படத்தைத் தனியாக எடுத்துப் பெட்டியில் வைத்தேன். அவன் முகத்தை மாமாவின் மடியில் போட்டேன். காணிப்பாக்கத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். “இத ஒரு கொம்புல கட்டி அந்தப் பள்ளத்துல நடு.”

மாமா கட்டினார். சாரம் கட்டுகிறவர் போட்ட முடிச்சு. அவன் ஆட்கள் வந்து அவிழ்க்கப் பார்த்து முடியாமல் கத்தி தேடிப்போனார்கள். அவர்கள் ஒன்றை அறுத்தால் அடுத்த பள்ளத்தில் இன்னொன்று நின்றது. இந்த ஊரில் பள்ளத்துக்கும் பஞ்சமில்லை, அவன் முகத்துக்கும் பஞ்சமில்லை. பழைய ஃப்ளெக்ஸைத்தானே எல்லோரும் கூரையில் போட்டிருக்கிறார்கள், வடகம் காயவைக்கிறார்கள்? கேட்டால் கொடுத்தார்கள். மாடிவீட்டம்மாகூட ஒருநாள் மொட்டைமாடியில் கிடந்ததைச் சுருட்டிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அவள் செய்ததற்கு அது எந்த மூலைக்கு? ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

இப்போது ஆட்டோக்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும் நீ. “அண்ணன் மொகம் நிக்குது பாரு, அங்க பள்ளம், ஓரங்கட்டு.” வெளியூர்க்காரர்கள் என்ன இது என்று கேட்கிறார்கள். டீக்கடையில் விளக்கம் சொல்கிறார்கள், சிரிக்கிறார்கள். நான் எழுதிய மனு ஒன்றுகூட அவனைச் சுடவில்லை. இந்தச் சிரிப்பு சுட்டது. ஒரு ஆளை என்னிடம் அனுப்பினான்.

“இன்னாமா வேணும் ஒனக்கு? சொல்லு, பேசி முடிச்சிக்கலாம்,” என்றான் வந்தவன்.

“அவரு மூஞ்சிய எடுக்கணும்னா பள்ளத்த மூடச் சொல்லு. வேற ஒன்னும் பேச்சில்ல,” என்றேன்.

நம் தெரு முனையில் கல் விழுந்தது, அக்கா. இரண்டு கல்லும். சிமெண்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள், இனி கொம்பு இறக்க யாரும் தூக்க முடியாது. நான் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். குதித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உனக்கு முன்னால் இந்தக் கல் விழுந்திருக்கக் கூடாதா? கல் மூடியதும் அங்கிருந்த முகத்தை எடுத்து அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனோம். மூடினால் எடுப்பேன், மூடாதவரை நிற்கும்.

எல்லாம் திருந்திவிட்டது என்று நினைக்காதே. கடைக்காரர் இன்னும் குப்பையைக் கால்வாயில்தான் தள்ளுகிறார். அவருடைய மகள் கல்யாண ஃப்ளெக்ஸ் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் அவர் முகம் நன்றாக விழுந்திருக்கிறது. அவர் குப்பையால் கால்வாய் அடைத்துக்கொள்கிற இடம் எது என்று எனக்குத் தெரியும். ஃப்ளெக்ஸ் என்னிடம் இருப்பது அவருக்கும் தெரியும்.

அவன் மறுபடி நிற்கிறான். புதுப் புது ஃப்ளெக்ஸ் வந்து இறங்குகிறது, இந்த முறை இன்னும் பெரிதாக. அடிக்கட்டும். எனக்கு முகம் தீராமல் பார்த்துக்கொள்கிறான். என்னைப் பார்த்தால் காரின் கண்ணாடியை ஏற்றிவிடுகிறான். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடக்கும்போது, ஒரு வருஷத்தில் முதல்முறையாக எனக்குப் பசிக்கிறது.

மாமாவைக் கேட்பாய். நான் சோறு போடுகிறேன், அவர் சாப்பிடுகிறார். பேசுவதில்லை. நான் பள்ளத்தைக் காட்டுகிறேன், அவர் முகத்தைக் கட்டுகிறார். உன் சிவப்புச் சேலையில் மிச்சமிருந்ததைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒவ்வொரு கொம்பின் நுனியிலும் அவரே கட்டுகிறார். நான் சொல்லவில்லை. நாளைக்குப் படையலில் உட்காரட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். உட்காரட்டும். மன்னித்தேன் என்று மட்டும் நீ நினைத்துவிடாதே.

உன் கொம்பு அவன் முகத்தை மறைக்கிறது என்றுதானே பிடுங்கச் சொன்னான்? இப்போது அவன் முகமே உன் கொம்பாக நிற்கிறது. இந்த வார்டின் கடைசிப் பள்ளத்தில் கல் விழும்வரை அதைக் கீழே இறக்க மாட்டேன். அந்தக் கல்லின் மேல் நின்று மாமாவை மாமா என்று கூப்பிடுவேன், அதற்கு முன்னால் இல்லை. இது போன வாரம் தனியாகப் போய், காணிப்பாக்கத்தில் முங்கி எழுந்து, ஈரத் துணியோடு நின்று, உனக்காக நான் செய்துவந்த சத்தியம்.

நீ பெறாத பிள்ளையும் உன் கூடப்பிறந்தவளுமான
மல்லிகா